குமிழே வராத நிரூபணம்

பச்சைக் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் பம்பு அது. குழாயில் காற்றுக் குமிழ் வந்தால் மோட்டார் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காற்று குழந்தையின் ரத்தத்துக்குள் போய்விடும். அந்த நிறுத்தும் வேலையைத் தனி சர்க்யூட்டுக்குக் கொடுப்பதா, சாஃப்ட்வேருக்குக் கொடுப்பதா? தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தில் இதுதான் சண்டை.

மேலாளர் சுப்பிரமணியம் சார் நாகர்கோவில்காரர். "சாஃப்ட்வேர்ல போட்டுரு. ஒரு சிப்பு மிச்சம், கேட்டியா? பின்னால மாத்தவும் எளுப்பம்லா" என்றார்.

வாயால் பேசித் தீராது என்று நானும் ஜூனியர் அனிலும் சார் சொன்னபடி சாஃப்ட்வேரே நிறுத்தும் பம்பைக் கணித மாடலாக எழுதி மாடல் செக்கரிடம் கொடுத்தோம். ஒரு கருவிக்கு நேரக்கூடிய எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் துழாவிப் பார்க்கும் மென்பொருள் அது. 'குமிழ் வந்தபின் மோட்டார் அடுத்த அடி எடுத்து வைக்காது' என்பது விதி. முதலில் மெமரி போதாமல் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அனில் மாடலை எங்கெங்கோ சுருக்கினான். மறுநாள் நான் காப்பியை வாயில் வைப்பதற்குள் "சரி" என்று விடை வந்துவிட்டது.

சார் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆள் அனுப்பினார். எனக்கு மட்டும் மண்டைக்குள் அரிப்பு. இத்தனை நிலைகளையும் இவ்வளவு சீக்கிரமா பார்த்தது? சும்மா ஒரு விதி கொடுத்துப் பார்த்தேன்: 'குமிழ் ஒருபோதும் வராது.' அதற்கும் "சரி" என்றது! முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது: குமிழே வராத மாடலில் எங்கள் விதி சும்மாவே தேறிவிடும்.

"அனில், குமிழ் சிக்னலை என்ன பண்ணினே?"

"ஐயோ சேச்சி! மெமரி பத்தலேன்னு, எப்பவும் குமிழ் இல்லேன்னு காட்டற மாதிரி சீரோவிலே கட்டி வச்சதாக்கும். அவிழ்க்க மறந்துபோயி."

அவிழ்த்துவிட்டு, வேறு இடத்தில் சுருக்கி ஓட்டினோம். இந்த முறை வெகுநேரம் எடுத்துக்கொண்டு, விதி உடையும் ஓர் எதிர் உதாரணம் தந்தது. நர்ஸ் பொத்தானை அமுக்குகிறார். சாஃப்ட்வேர் திரையில் எண்ணை எழுதப் போகிறது. அந்த நேரம் பார்த்துக் குமிழ் வருகிறது. சிக்னல் காத்துக் கிடக்க, மோட்டார் சுற்றுகிறது. தனி சர்க்யூட் வைத்தும் ஒரு மாடல் எழுதி ஓட்டினோம்; அதுவோ அதே விதியில் தேறியது.

சாரிடம் வரி வரியாகக் காட்டினேன். "தேங்கா உடைச்சாச்சே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எனக்க பேத்திக்கு இத மாட்ட விடுவேனா நான்? சிப்பு போனா போவுது. தனி சர்க்யூட்டே இருக்கட்டு."

மருத்துவமனைப் பரிசோதனையில் ஒரு டாக்டர் எல்லாப் பொத்தான்களையும் தாறுமாறாக அமுக்கிக்கொண்டே குழாயில் காற்றை விட்டார். மோட்டார் டக்கென்று நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிரூபணம் கிடைத்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். கையெழுத்துப் போடுமுன், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அது அந்த மாடலுக்குள் நடக்கவாவது முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.