நீலக் கொம்பன்

விஜயலெட்சுமி அக்கா கைபேசியில் விளையாடுகிறார் என்று கேள்விப்பட்டுச் சிரித்தவர்களை நான் மன்னித்துவிட்டேன். அவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரிந்த பிறகும் சிரித்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் இப்போது என் கடைக்கு வருவதில்லை, வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

என் கடை பெரகல சந்தியில் இருக்கிறது. கைபேசி பழுதுபார்ப்பேன், அழைப்புக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவேன். அப்பாவுக்குப் பதுளையில் துணிக்கடை. அதில் உட்காரச் சொன்னதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இங்கே வந்தவன் நான். 'சஜீவனுக்குப் பொறுமை கிடையாது' என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். அது உண்மைதான்.

அக்கா சந்திக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். ஒரே மகன் கஜேந்திரன் என் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுற்றுவட்டத் தோட்டத்துப் பையன்கள் எல்லாம் அவனைத் தேடி வந்துவிடுவார்கள். காரணம் ஒரு விளையாட்டு. கைபேசியை வைத்துக்கொண்டு நடந்தால் அதற்குள் இருக்கும் முட்டை பொரிக்கும். இத்தனை கிலோமீட்டர் நடந்தால் இந்த முட்டை என்று கணக்கு. உள்ளிருந்து விதவிதமான மிருகங்கள் வரும். அவற்றை வைத்துச் சண்டை போடலாம். அபூர்வமான மிருகம் யாருக்காவது கிடைத்துவிட்டால் கஜேந்திரனிடம் ஓடி வருவார்கள். அவன் தாக்கும் பலம், தாங்கும் பலம், உயிர் என்று மூன்று எண்களைப் பார்ப்பான். ஒவ்வொன்றும் பதினைந்துக்கு.

"அபூர்வம்டா, ஆனா வேலைக்கு ஆவாது. அழகுக்கு வச்சுக்க" என்பான். அல்லது, "இத விடாத. இத வச்சு விளையாடு" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. அவன் சொன்னதை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அப்படி எல்லாவற்றையும் எடைபோடத் தெரிந்தவன் ஒரு ஏஜெண்டை எடைபோடத் தெரியாமல் போனான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். போனவனை இரவோடு இரவாக ஆற்றைக் கடத்தி மியன்மார் பக்கம் கொண்டுபோய், மதில் சூழ்ந்த கட்டிடம் ஒன்றில் அடைத்துவிட்டார்கள். முகம் தெரியாத மனிதர்களை இணையத்தில் ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. ஏமாற்ற முடியாத நாளில் அடி. விடுவிப்பதற்குக் கேட்ட தொகையை இங்கே எழுதுவதில் பயனில்லை. லயத்து வரிசை வீடுகளில் உள்ள எல்லோரும் ஒன்றுசேர்ந்தாலும் அதில் கால்வாசி தேறாது. கொழும்புக்கு இரண்டு தடவை அக்காவோடு போய் மனுக் கொடுத்தேன். பதிவு எண் ஒன்று தந்து காத்திருக்கச் சொன்னார்கள். அவன் குரல் கேட்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பிறகு ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து என் கைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கஜேந்திரன்தான். குரல் கம்மிப்போயிருந்தது.

"சஜீ அண்ணே, இது இங்க உள்ள மேலாளோட போன். அவனும் நம்ம கேம்தான் விளையாடுறான். அவன் வச்சிருக்கிற மிருகம் வேலைக்கு ஆவாதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அடிக்கப் போறான்னு நெனச்சேன். அடிக்கல. இப்ப எல்லாத்தையும் என்கிட்டதான் காட்டிக் கேக்குறான். அவனுக்கு நீலக் கொம்பன் வேணுமாம். மூணு எண்ணும் நல்லா இருக்கணும். அத எடுத்துக் குடுத்தா, எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புற லிஸ்ட்ல என் பேரப் போடுறேங்கிறான். என் பழைய கணக்கு அம்மா போன்ல இருக்கு. அதுல முட்டை போட்டு நடக்கணும். அம்மாகிட்ட சொல்லுங்கண்ணே."

நீலக் கொம்பன் என்பது நாங்கள் வைத்த பெயர். எருமைக் கன்று மாதிரி இருக்கும், நெற்றியில் ஒரே ஒரு நீலக் கொம்பு. இருபது கிலோமீட்டர் முட்டையில்தான் வரும், அதுவும் அறுபதில் ஒன்றில் வந்தால் அதிர்ஷ்டம். இதையெல்லாம் ஒவ்வொன்றாக அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு மனிதனின் உயிருக்கு விலையாக ஒரு பொம்மை மிருகம்! சொல்லவே வெட்கமாக இருந்தது.

அக்கா முழுதும் கேட்டார். "நடந்தா போதுமா தம்பி?" என்றார். "நடக்குறதுதான் நமக்கு வேலையே."

அன்றிலிருந்து அந்தக் கைபேசி பொலித்தீன் பைக்குள் போய், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குக்குள் செருகப்பட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகும்போது மற்ற பெண்கள் குறுக்குப் பாதையில் ஏறுவார்கள். அக்கா மட்டும் வண்டிப் பாதையைச் சுற்றிப் போனார். கொழுந்து நிறுக்கப் போகையிலும் சுற்று. நேரம் போய்க் கிலோ குறைந்தது. முழுநாள் கூலிக்குப் பேர் போடாமல், அரைநாள் கூலிக்கு அரைப்பேர் விழுந்த நாட்கள் கூடின. காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மா கைபேசியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

"என்னா எழவோ தெரியல, பிள்ளைத்தாச்சி மாதிரி சுமக்குறோம்" என்று இராக்கம்மா கடையில் வந்து சொன்னபோது நான் சிரித்தேன். வெளியே போய் நின்று அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் அக்கா வருவார். பொரித்தவற்றைப் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புவேன். பதிலாகக் கஜேந்திரனின் குரல் வரும். அரை நிமிடம், சில வாரம் அதுவும் இல்லை.

"அம்மா, இது ஆவாதும்மா. இன்னும் நட. சாப்பிட்டியாம்மா? மழைல போன் நனையாமப் பாத்துக்க."

மேலாள் பக்கத்தில் நிற்கிறான் என்பது குரலிலேயே தெரியும். அக்கா அந்த அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். கடையில் ஆள் நின்றாலும் நான் போடுவேன்.

அந்த மேலாளை அக்கா 'அந்த ஊரு கங்காணி' என்றுதான் சொல்வார். "அந்த ஊரு கங்காணிக்கு மனசு எரங்கணும்" என்பார். கங்காணியா அவன்? எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நேரில் கண்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஒன்றும் செய்திருக்க மாட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

நாற்பத்தொன்றாவது முட்டை ஒரு புதன்கிழமை பொரித்தது. பகல் பதினொரு மணி. அக்கா கூடையை மலையில் இராக்கம்மாவிடம் போட்டுவிட்டு, படங்கைக்கூட அவிழ்க்காமல், குறுக்கில் இறங்கி ஓடி வந்திருந்தார். காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பேச மூச்சு வரவில்லை. கைபேசியை மேசையில் வைத்தார்.

நீலக் கொம்பு!

மதிப்பைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். பதினைந்து. பதினான்கு. பதினைந்து. அப்படி ஒன்றை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. கஜேந்திரன் பார்த்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பான்.

நான் பேசாமல் இருந்தேன். சந்தோஷத்தால் அல்ல, பயத்தால். இதைக் கொடுத்த பிறகு அந்த மேலாளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது? முட்டைக்காகத்தான் அந்த அரை நிமிடக் குரல். முட்டை முடிந்தால் குரலும் முடிந்தது. 'அக்கா, இது வேலைக்கு ஆகாது, இன்னும் நடங்க' என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் வாரா வாரம் மகன் குரலையாவது கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆவாதா தம்பி?" என்று கேட்டார் அக்கா. நான் பேசாததைப் பார்த்து அவர் முகம் செத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆகும் அக்கா. இதைவிட நல்லது கிடைக்காது. ஆனா இப்ப குடுக்காதீங்க."

"ஏன்?"

"முதல்ல கஜேந்திரனை ஆத்தத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் விடச் சொல்லுவோம். வந்து சேந்துட்டேன்னு அவன் பேசட்டும். பிறகு குடுப்போம். இந்தக் கேம்ல ஒருக்கா குடுத்தா திருப்பி எடுக்க ஏலாது."

அக்கா என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தம்பி, முப்பது வருசமாக் கொழுந்து எடுக்குறேன். ஒரு நாளாவது பேரப் போட்டுட்டுக் கொழுந்த வாங்கியிருக்காங்களா? நாம மொதல்ல கொட்டணும். பெறகு நிறுப்பாங்க. அதுக்குப் பெறகுதான் பேரு. கையில வச்சுக்கிட்டுக் கங்காணிகிட்டப் பேரம் பேசுனா, அவன் போடுற அரைப்பேரையும் வெட்டிப்புடுவான். எம்புள்ள அவன் கையில இருக்கான் தம்பி."

"இது தோட்டம் இல்ல அக்கா. இவனுங்க வேற ஆளுங்க."

"எல்லா எடத்துலயும் குடுக்குறவன் கீழதான் நிப்பான்" என்றார்.

பொறுமை இல்லாதவன் என்று பெயர் எடுத்தவன் அன்று பார்த்து ஒரு மணி நேரம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வரையாவது பொறுக்கச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள அவன அடிச்சா?" என்று கேட்டார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன்.

'அன்பளிப்பாக அனுப்பு' என்ற பொத்தானை நான்தான் காட்டிக்கொடுத்தேன். அக்கா விரலைப் படங்கில் துடைத்துக்கொண்டு, தானே அழுத்தினார். கொம்பன் ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. கொழுந்துக் கறை படிந்த அந்த விரலின் தடம் மட்டும் திரையில் இருந்தது.

அன்று மாலையே குரல் பதிவு வந்தது.

"அம்மா! கெடச்சிருச்சும்மா. மேலாள் ரொம்பச் சந்தோசமா இருக்கான். இத விட நல்லதே இல்லைன்னு சொன்னேன். லிஸ்ட்ல பேரு போட்டாச்சாம். போட்டாச்சும்மா!"

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்தீங்களா தம்பி" என்றார். நான் ஒரு கடலை மிட்டாய்ப் போத்தலைத் திறந்து கடையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். அந்த ஒரு மாலை நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் யாரும் கஜேந்திரன் பெயரைச் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு அனுப்பிய செய்திகள் போய்ச் சேர்கின்றன, பதில் இல்லை. கொழும்பில் கேட்டால் அதே பதிவு எண்.

ஒன்று மட்டும் தெரியும். விளையாட்டில் மேலாள் நம் நண்பர் பட்டியலில் இருக்கிறான். அவன் சண்டைக்கு முன்னால் நிறுத்தியிருக்கும் மிருகத்தை நாம் பார்க்கலாம். நீலக் கொம்பன் அங்கே நின்றது. தினமும் சண்டை போட்டது, தினமும் ஜெயித்தது.

அக்கா ஞாயிறுதோறும் வந்தார். "நல்லா வேலை செய்யுதா தம்பி?" என்பார்.

"செய்யுது அக்கா."

"அதப் பாக்கும்போதெல்லாம் அவனுக்கு எம்புள்ள ஞாபகம் வருமில்ல" என்பார். நான் தலையாட்டுவேன். நான்கு மாதம் இப்படியே தலையாட்டினேன். பொய்க்கு என்னிடம் குறைவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சொல்லவேண்டிய அன்று சொல்லாமல் விட்ட பொய்யைத் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் விளையாட்டுக் கம்பெனிக்காரன் ஏதோ மாற்றம் செய்தான். நீலக் கொம்பனின் தாக்கும் பலத்தைப் பாதியாக வெட்டிவிட்டான். காரணம் அவனுக்குத்தான் வெளிச்சம். பையன்கள் கடையில் வந்து, "கொம்பன் இனி சும்மா அண்ணே, அழகுக்கு வச்சுக்க வேண்டியதுதான்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து கைபேசியை நீட்டினார். மேலாளின் பக்கத்தைத் திறந்தேன். முன்னால் கொம்பன் இல்லை. ஏதோ ஒரு சாதாரண ஓணான் நின்றது.

"அக்கா, அவன் கொம்பனைத் தூக்கிட்டான். அது இப்ப வேலைக்கு ஆகாது" என்றேன். இனி அவர் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அழுவார் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அக்கா உட்காரவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் எனக்குப் பிடிபடாத ஒரு தெளிவு வந்தது.

"அப்ப அவனுக்கு இப்ப வேற ஒண்ணு தேவப்படுமில்ல?"

நான் ஸ்டூலைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

"தம்பி, இப்ப எது நல்லதுன்னு பேசிக்கிறாங்க?"

"பனிப் பறவைன்னு ஒண்ணு அக்கா. புதுசு. அது..." என்று இழுத்தேன்.

"எத்தனை கிலோமீட்டர்?"

"அம்பது."

அக்கா தலையாட்டினார். பொலித்தீன் பையை உதறி விரித்து, முட்டையைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல், தோட்டத்துக்கு ஏறும் பாதையில் நடக்கத் தொடங்கினார்.