சேறு அள்ளாத வீடு

கொள்ளிடம் எங்கள் தெருவுக்குள் வந்து போன பிறகு எல்லோர் வீட்டுச் சேறும் சீக்கிரமே தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சேறு மட்டும் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மீன்சுருட்டியில் பஸ் ஏறினால் கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அதுதான் எங்கள் ஊர். அப்பா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனார். அவர் போட்ட மாவு மில்லை அம்மா நடத்திவந்தாள். மில் என்றால் தனிக் கட்டடம் ஒன்றும் கிடையாது. ஓட்டு வீட்டின் முன்பாதியில் அரிசி அரைக்கும் மிஷினும் மிளகாய் அரைக்கும் மிஷினும் இருக்கும். பின்பாதியில் நானும் அம்மாவும் இருப்போம். எங்கள் பாயில், தலைமுடியில், என் பாடப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் மாவு படிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பையைத் தட்டினால் வெள்ளையாகப் புகை எழும்பும்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் மழை ஒன்றும் பிரமாதமாகப் பெய்யவில்லை. எங்கோ மேற்கே பெய்திருந்தது. வந்த தண்ணீரை முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சொல்லிக்கொண்டே போனது. ஆற்றில் வடிய வேண்டிய வாய்க்கால் தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏறியது. எங்களையெல்லாம் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தினமும் பாடம் படிக்கிற வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்ததும், வேளா வேளைக்கு யாரோ சாம்பார் சாதம் கொண்டுவந்து தந்ததும் எனக்கு வெகு சந்தோஷமாக இருந்தன. தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மிஷினின் வாய்வரை தண்ணீர் நின்ற தடம் சுவரைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் தெரிந்தது. மோட்டார் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் முறுக்கு மாவுக்கென்று தெருவில் பலர் அரிசியும் உளுந்தும் கொடுத்து வைத்திருந்தார்கள். அரிசி நொதித்து நாறியது. ஒரு வாளியில் உளுந்து முளைவிட்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "போனா போவுது, விடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அம்மா அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வி.ஏ.ஓ. வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் வீடு வீடாக நடந்து கணக்கெடுத்துக் களைத்துப்போயிருந்தார். தெருவில் நின்றபடியே போனில் எங்கள் வீட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"வூடு யாரு பேர்ல இருக்கும்மா?"

"மாமனார் பேர்ல இருந்துச்சு. இப்ப பெரியவரு பேருக்கு மாத்தியிருக்காங்க."

பெரியவர் என்று அம்மா சொன்னது என் பெரியப்பாவை. அவர் ஜெயங்கொண்டத்தில் உரக்கடை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார்.

"அப்ப வூட்டுக்காரரு இங்க குடியில்ல. சரி, மில்லு லைசென்ஸ்?"

"இவ அப்பா பேர்ல."

"அவருதான் இல்லையேம்மா."

"அதனாலதாங்க நான் ஓட்டுறேன்."

வி.ஏ.ஓ. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வூட்டு நிவாரணத்துல எழுதுனா இது கடைம்பாங்க. கடையில எழுதுனா இது வூடும்பாங்க. ரெண்டுலயும் உங்க பேரு இல்ல. மேல கேட்டுட்டுச் சொல்றேன். மொதல்ல சேத்த அள்ளிக் கழுவி விடுங்க, பொம்பளப் புள்ளைய வச்சுகிட்டு."

"கழுவிட்டா அப்பறம் எதக் காட்டுறதுங்க?"

அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "எழுதாம ஒரு சட்டி சேறு வெளிய போவாது" என்றாள். என்னிடம் சொன்னாளா, வி.ஏ.ஓ.வின் முதுகிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் தெருவில் மூன்று செங்கல் வைத்துச் சமைத்தோம், எதிர்வீட்டில் படுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுக்குள்ளே சேறு மேலே காய்ந்து வெடித்து, அடியில் ஈரமாகவே கிடந்தது. செத்த மீனும் அழுகிய மிளகாயும் கலந்த ஒரு நாற்றம் தெருமுனைவரை வந்தது. பிளீச்சிங் பவுடர் தூவ வந்த சுகாதாரத் துறைப் பெண், "இப்படி வச்சிருந்தா காய்ச்சல் வந்துடும்" என்று எச்சரித்தாள். "வந்தா அதையும் எழுதிக்குங்க" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் திறந்ததும் எனக்குப் பட்டப்பெயர் தயாராக இருந்தது. சேத்து வூட்டுக்காரி. அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஆமான்னு சொல்லு. வந்து பாக்கச் சொல்லு" என்றாள். நான் எதிர்பார்த்த ஆறுதல் அதுவல்ல.

செய்தி ஜெயங்கொண்டம்வரை போய்விட்டது. ஒருநாள் காலையில் பெரியப்பா பைக்கில் வந்து இறங்கினார். பின்னாலேயே மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா எனக்கு ரொட்டிப் பாக்கெட் கொண்டுவந்திருந்தார். நல்லவர்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்குத் துணி எடுத்துத் தருவார், என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார்.

"என்னம்மா இது? ஊரே சிரிக்குது. எம் பேர்ல இருக்கற வூடு இப்படி நாறிக் கெடந்தா யாருக்கு அசிங்கம்?"

அம்மா செங்கல் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள்.

"நிவாரணம் எம் பேர்ல வந்தா என்ன, உம் பேர்ல வந்தா என்ன? வாங்கி உங்கிட்டதானே குடுக்கப் போறேன். அத வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"நீங்க குடுப்பீங்க மாமா. எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "ஆனா தண்ணி உங்க மேலயா வந்துச்சு? எங்க மேல வந்துச்சு. எங்களக் கேட்டு எழுதட்டும்."

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவரிடம் அந்தத் தெருவில் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆட்களைப் பார்த்து, "நீங்க உள்ள போயி அள்ளுங்கப்பா" என்றார்.

அம்மா அவசரப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டி, நிலைக்கு நேராக அந்தச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அள்ளுங்க. என்னையும் சேத்தே அள்ளுங்க."

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஆட்களில் வயதானவர் பெரியப்பாவையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். "அந்தம்மா எந்திரிச்சா அள்ளிடறோங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்து பீடி பற்றவைத்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. பெரியப்பா பைக்கை இரண்டு மூன்று தரம் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ரொட்டியை முழுக்கத் தின்றேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய அதிகாரிகள் வெள்ளச் சேதம் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, பெரிய பேனரில் சேதமான வீடுகளின் படங்களை ஒட்டிவைத்திருந்தார்கள். வி.ஏ.ஓ. எடுத்த எங்கள் வீட்டுப் படமும் அதில் இருந்தது. நல்ல வெயிலில், தெருவிலிருந்து எடுத்ததால், வீடு பார்க்க அழகாக இருந்தது. படத்துக்கு முன்னால் நின்று நான் பெருமைப்பட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். மனு இருந்தால் பெட்டியில் போடும்படி யாரோ சொன்னார்கள். அவள் நிற்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"போட்டோவுல நாத்தம் வராதுங்க மேடம். ஒரு தடவ வந்து பாருங்க. பக்கத்துத் தெருதான்."

"மேடத்துக்கு நேரம் இல்லம்மா, இன்னும் நாலு ஊரு போவணும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பரவால்லங்க. நாளைக்கு வாங்க, இல்ல அடுத்த வாரம் வாங்க. அள்ளாமத்தான் வச்சிருப்பேன்."

அந்த அதிகாரி அம்மாவின் புடவையைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "எந்தத் தெரு?" என்றார்.

கூட வந்தவர்கள் வாசலோடு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்தார். கணுக்கால் வரை இறங்கியது. சுவரில் இருந்த தடத்தைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். பின்பாதிக்குப் போய், ஆணியில் தொங்கிய என் பள்ளிச் சட்டையைப் பார்த்தார்.

"இங்க யாரு குடியிருக்கீங்க?"

"நானும் எம் பொண்ணும்."

"உங்க பேரு?"

அம்மா தன் பெயரைச் சொன்னாள். ஊரில் அவளை மில்லுக்காரம்மா என்பார்கள், இன்னாருடைய மருமகள் என்பார்கள், என் பெயரைச் சொல்லி இவள் அம்மா என்பார்கள். அவள் வாயால் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். யாரோ வேறு ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

"மேடம், பட்டா வந்து இவங்க..." என்று வி.ஏ.ஓ. ஆரம்பித்தார்.

"பட்டா அப்பறம் பாக்கலாம். தண்ணி வந்தப்ப இங்க இருந்தது யாரு?"

"இவங்கதான் மேடம்."

"அப்ப அதையே எழுதுங்க."

"ரெண்டையும் எழுதச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "வூடுன்னும் எழுதட்டும், மில்லுன்னும் எழுதட்டும்."

வி.ஏ.ஓ. மிஷின் மேல் தாளை வைத்து எழுதினார். அம்மா அதை ஒருமுறை வாசித்துக்காட்டச் சொன்னாள். அவரும் வாசித்தார். ஜீப் தெருவைத் தாண்டுவதற்குள் அம்மா மண்வெட்டியை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா சட்டியோடு வந்தாள். அரிசியும் உளுந்தும் பறிகொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே அள்ளினார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டுத் தரை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

வீட்டுக்கான நிவாரணம் அம்மா பெயருக்கே வந்தது. உடைந்த ஓடுகளை மாற்றிச் சுண்ணாம்பு அடிப்பதோடு தீர்ந்துபோயிற்று. மில்லுக்கான உதவிக்காக அம்மா அரியலூருக்குப் பல தடவை நடந்தாள். லைசென்ஸைப் பெயர் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாற்றிக்கொண்டு போனபோது, விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். "சரி, அடுத்த வெள்ளத்துக்கு லைசென்ஸ் தயாரா இருக்கு" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தாளாம். மோட்டாரை அவளே கடைக்குக் கொண்டுபோய், புதுச் செம்புக் கம்பி சுற்றி வாங்கிவந்து மாட்டினாள். அதற்குள் தீபாவளி முடிந்திருந்தது. முதல் நாள் அரைப்பு முழுவதும் அரிசி, உளுந்து பறிகொடுத்த அந்தப் பெண்களுக்குத்தான், கூலி இல்லாமல். இதற்காகவா இத்தனை நாள் நாற்றத்தில் கிடந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா தோற்றுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பொங்கலுக்குக் கரும்போடு பெரியப்பா வந்தார். முன்பெல்லாம் அவர் வந்தால் மில் வழியாக நேரே அடுப்படிவரை போய், மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று படிக்கு வெளியிலேயே நின்றார். ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"உள்ள வரலாமாம்மா?"

அம்மா மிஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க மாமா."

அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வழுக்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பயப்படாம வாங்க பெரியப்பா. தரையெல்லாம் எப்பவோ காஞ்சிருச்சு."