குனிந்து பொறுக்கிய காப்பி

மாருராய் எங்கள் ராப்பாத் தீவில் பிறந்தவர் இல்லை. துபுவாய்த் தீவிலிருந்து கப்பலில் வந்து, என் அக்கா தேரோரோவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அது ஆயிற்று நாற்பது வருஷம். அக்கா போயே பதினோரு வருஷம். ஆனாலும் ஏதாவது வாக்குவாதம் என்றால் யாராவது ஒருத்தர், "கப்பல்ல வந்தவர்தானே" என்று சொல்லிவிடுவார்.

அவருக்கென்று ஒரு காப்பிச்செடி கிடையாது. அக்கா பங்குக்கு வந்தது சேப்பங்கிழங்கு வயல். மலைச்சரிவில் மட்டுமே இருந்த காப்பிச்செடிகள் என் தம்பிக்குப் போய், அவனுக்குப் பிறகு அவன் மகன் தெமானாவுக்கு வந்தன. இருந்தும் ஊரிலேயே நல்ல காப்பி மாருராய் வீட்டில்தான். நாங்கள் காப்பிப்பழத்தைப் பறிப்பதில்லை. எலி ஏறித் தோலைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். எது பழுத்தது என்று எலிக்குத் தெரிகிற அளவு மனுஷருக்குத் தெரியாது. செடியில் இருப்பது சொந்தக்காரனுக்கு, தரையில் கிடப்பது குனிகிறவருக்கு. என் பாட்டிக்கும் முந்தின வழக்கம் இது. யார் வந்து என்ன சொன்னாலும் இதில் நான் மாறமாட்டேன்.

மாருராய் குனிவதற்குச் சலிக்காத ஆள். பொறுக்கியதைக் கழுவி, தகரக் கூரைமேல் காயவைத்து, இரும்புச் சட்டியில் கறுக்க வறுத்து, உரலில் இடித்து, துணிப்பையில் வடிப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் ஊரே அவர் வீட்டுக்கு வரும். அந்த ஒரு காலைப்பொழுது அவர் இந்த ஊர்க்காரர். அதற்காகத்தான் அவர் வாரம் முழுக்கக் குனிந்தார்.

தெமானா தலைநகர் பப்பேத்தேயில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே எலி ஏறாமல் தென்னைக்குத் தகரம் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறான். இங்கே வந்து காப்பிச்செடிக்குச் சுற்றினான். தாழ்ந்த கிளைகளையும் வெட்டினான். எலிகள் வேறு பக்கம் போயின. மரத்தடி துடைத்த மாதிரி ஆனது.

"என்னடா இது, காப்பிக்குப் பாவாடை கட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"எலி எச்சியக் குடிச்சது போதும் அத்தை. பழத்தக் கையால பறிச்சு கப்பல்ல அனுப்பப் போறேன்."

"உன் தாத்தா அந்த எச்சியக் குடிச்சுத்தான் தொண்ணூறு வயசு இருந்தாரு."

அவன் சிரித்தான். கையிலிருந்த காப்பித்தூள் டப்பாவை, என்னோடு வந்திருந்த மாருராய் பக்கம் நீட்டினான். "இந்தாங்க மாமா. வெந்நீர் ஊத்துனாப் போதும்."

மாருராய் வாங்கவில்லை. "டப்பாவைத் திறந்து ஊத்துறதுக்கு எதுக்குடா ஊரைக் கூப்பிடணும்?"

அந்த ஞாயிறு ஆரஞ்சு இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். எல்லோரும் குடித்தோம். ஒருத்தரும் இரண்டாவது கோப்பை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு நானும் பல் இல்லாத போதகரும் மட்டும். மாருராய் அடுக்கி வைத்த கோப்பைகளைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார்.

தெமானா பதினாலு சாக்குப் பழம் பறித்தான். தோல் நீக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைச் சொல்லி என்ன, அந்த வேலையை எலிதான் செய்துவந்தது, ஊரில் யாருக்குமே தெரியாது. ஈரத்தோடு சாக்கில் கட்டிக் கப்பல்துறையில் அடுக்கினான். கடல் மோசமாக இருந்ததால் கப்பல் பத்து நாள் பிந்தி வந்தது. சரக்கு ஏற்றுகிறவன் சாக்கை முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்தினான்.

"இந்த நாத்தத்த ஏத்துனா கேப்டன் என்னக் கடல்ல தள்ளிடுவாரு தம்பி."

தெமானா கெஞ்சிப் பார்த்தான். பிறகு ஆத்திரத்தில் சாக்குகளை அவிழ்த்து அங்கேயே தரையில் கொட்டிவிட்டு நடந்தான். பழம் புளித்துக் குழைந்து கிடந்தது. மாருராய் கூடையோடு வந்து குனிந்தார்.

தெமானா திரும்பி ஓடிவந்தான். "மாமா, அது என் பழம்."

"செடியிலயா இருக்கு?"

"நான் கொட்டுனது!"

"எலியும்தான் கொட்டுது. அதுகூட ஒருநாளும் திரும்பி வந்து கேட்டதில்ல."

கப்பல்துறையில் இருந்த ஒருவன், "கப்பல்ல வந்தவரு வழக்கம் பேசுறாரு" என்றான். மாருராயின் கை நின்றுவிட்டது. எனக்கு முழங்கால் மடங்காது. இருந்தும் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "நான் இங்கேயே பிறந்தவ. நான் பொறுக்கலாமில்ல?" என்றேன். போதகரின் மனைவி குனிந்தாள். பிறகு இன்னும் நாலு பெண்கள். தெமானா பார்த்துக்கொண்டு நின்றான்.

பழத்தை ஓடையில் போட்டு மிதித்துத் தோல் நீக்க மாருராய்தான் காட்டிக்கொடுத்தார். அவர் ஊரில் சின்ன வயதில் செய்ததாம். பாதிக் கொட்டை கறுத்துப்போயிருந்தது, எறிந்தோம். மிச்சத்தைக் காயவைத்து வறுத்தார். அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு அவர் வீடு நிறைந்திருந்தது. தெமானா கடைசியாக வந்து கதவோரம் நின்றான்.

"நிக்காதடா, உக்காரு," என்று மாருராய் அவனுக்கு ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தான். "புளிக்குதே மாமா."

"பத்து நாள் சாக்குல ஊறப்போட்டது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினான்.

"புளிக்குதுன்னியே?"

"ஊத்துங்க மாமா."

அடுத்த பருவத்தில் தெமானா பாதிச் செடிகளில் தகரத்தைக் கழற்றினான். மீதியையும் கழற்று என்றேன், கேட்கவில்லை. இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.