ஐயாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம்

எங்கள் வீட்டில் சாமி ஒன்று, சபை இரண்டு. ஐயா புராட்டஸ்டண்டு மிஷன் சபை, ஆத்தா ரோமன் கத்தோலிக்கச் சபை. அந்தக் காலத்துக் காரைக்குடியில் வேதக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கொஞ்சம் பேர் அடித்துக்கொள்ள இரண்டு கோயில், புதைத்துக்கொள்ள இரண்டு கல்லறைத் தோட்டம். எதிர்த்த வீட்டு ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைச் சீண்டுவார். "ஏன்டி, சிலுவையில தொங்குனது ஒருத்தருதானே? பெறகு எதுக்கு உங்களுக்குள்ள பங்காளிச் சண்டை?" தெரிந்தவர்கள் சொன்ன பதில் எதுவும் எனக்குப் பிடித்ததில்லை.

ஐயா சிங்கம்புணரிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவருடைய தகப்பனார் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். ஆத்தாவின் தம்பி அவரிடம் படித்தவன், அந்தப் போக்குவரத்தில் ஆத்தாவைப் பார்த்திருக்கிறார். ஐயாவின் கோயிலில்தான் கல்யாணம். அன்றோடு ஆத்தாவுக்கு அவள் சபையில் நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம், வாங்கும் பாத்தியதை போயிற்று. ரோமன் கோயில் சாமியாருடைய கணக்கில் அது கல்யாணமே இல்லை, மிஷன் கோயிலில் கட்டிய தாலி வெறும் கயிறு.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். கதவோரமாக, கடைசியில் முழந்தாள் போடுவாள். மற்றவர்கள் நன்மை வாங்க எழுந்து போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள். சின்னதில் ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். "நீ போகலையா ஆத்தா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், அடேயப்பா! பிறகு என்னைக் கூட்டிப்போகவே இல்லை.

நான் படித்துக்கொண்டிருந்தபோது ஐயா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மிஷன் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்தில் தனக்கு ஒரு இடம் விட்டுவைக்கும்படி ஆத்தா போதகரிடம் கேட்டாள். போதகர் நல்ல மனுஷர். "சரிம்மா, ஆனா எங்க சபை முறைப்படிதான் நடக்கணும்" என்று ஒத்துக்கொண்டார்.

புருஷன்தான் போய்விட்டானே, இனித் தடை என்ன என்று ரோமன் கோயில் சாமியார் ஆள் அனுப்பினார். அவரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"அவுகளோட குடும்பம் நடத்துனது பாவம்னு சொல்லணுமாம்." முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். "சொல்ல மாட்டேன். சொன்னா நாக்கு அழுகிப்போகும்."

அன்றைக்கு எனக்கு ஆத்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்புறமும் வருஷக்கணக்கில் அவளுக்குக் கதவோரந்தான்.

நான் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த பிறகு ஆத்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கஷாயம் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். ஒரு மத்தியானம் கஞ்சியை வேண்டாமென்று தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"சாமியாரைக் கூட்டிட்டு வா. எனக்கு அவஸ்தை பூசணும்."

அவஸ்தை பூசுவது என்றால் சாகக் கிடக்கிறவர்களுக்கு ரோமன் சபையில் சாமியார் தைலம் பூசி மந்திரிப்பது. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"சாமியார்ட்ட என்ன சொல்லப்போறே?"

"சொல்ல வேண்டியதை."

"ஐயாவோட வாழ்ந்தது பாவம்னா? அப்ப நான் யாரு? பாவத்துல மொளைச்ச களையா?"

நான் விடவில்லை. "ஐயாவுக்குப் பக்கத்துல எடம் கெடக்கே. இதைப் பூசிக்கிட்டா அங்குட்டுக் கொண்டுபோக விடமாட்டாகளே, தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சாவப்போறோம்னு பயந்துட்டியா?" வாய் முந்திக்கொண்டது.

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "உங்க ஐயா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்காக. மோட்சத்துக்குப் போகுமுன்ன நெருப்புல கெடந்து பாவம் கழியிற எடம். மிஷன்காரவுக நீங்க அப்படி ஒரு எடமே இல்லைம்பீக. இருந்துச்சுன்னா? நெதமும் அதைத்தான் நெனைச்சுக்கிட்டுப் படுக்கிறேன். அவஸ்தை இல்லாமச் செத்து நானும் அங்கயே போய் விழுந்துட்டா? ரெண்டு பேரும் கெணத்துக்குள்ள கெடந்தா கயிறு போடுறது யாருடி? ஒருத்தராவது மேல நிக்கணும்ல."

ஐயாவின் பெயரைக் கேட்டாலே முகம் மலருகிற மனுஷி. அத்தனை வருஷமும் அவர் வெந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டா சோறு வடித்தாள், கோலம் போட்டாள், என் தலையைப் பின்னிவிட்டாள்? எனக்குச் சாமியார் மேல் ஆத்திரம், போதகர் மேல் ஆத்திரம், அந்தச் சாமி மேலேயே ஆத்திரம். செருப்பைப் போட மறந்து, வெயிலில் ரோமன் கோயில் இருந்த செக்காலைப் பக்கம் நடந்து போய்ச் சாமியாரைக் கூட்டிவந்தேன்.

என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஆத்தாவின் குரல் முனகலாகக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். சாமியார் போன பிறகு உள்ளே போனால், நெற்றியிலும் கையிலும் தைலம் பளபளக்க ஆத்தா கிடந்தாள். ஆசைப்பட்ட நன்மையை வாங்கிவிட்டாள். முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோம்.

"சொல்லிட்டேன்" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த வாரமே போய்விட்டாள். ரோமன் தோட்டத்தில், வேலியோரம் புதைத்தார்கள். துக்கம் கேட்க வந்த போதகரிடம், "எங்க ஆத்தா மோட்சத்துக்குப் போயிருப்பாளா ஐயா?" என்று கேட்டேன். ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "கர்த்தருக்குத்தான் தெரியும்மா" என்றார். ஐயாவுக்குப் பக்கத்தில் கிடந்த இடத்தில் கொஞ்ச நாளில் வெளியூர்க் கம்பவுண்டர் ஒருவரைப் புதைத்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. போன மாதம் என் மகன் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான். "ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேம்மா. உங்களை எங்க வைக்கணும்?"

மிஷன் தோட்டத்துக்குப் போனால் ஆத்தாவைத் தனியே விட்டதாகும். ரோமன் தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், ஆத்தா சொன்னதைப் போல நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐயா என்னை வளர்த்த வளர்ப்பு தப்பு என்று சொல்ல வேண்டும்.

"எரிச்சுப்புடுப்பா" என்றேன். "உங்க தாத்தாவுக்குத் தாத்தாவையெல்லாம் எரிச்சவுகதானே நம்ம ஆளுக."

வேதக்காரி பேசுகிற பேச்சா இது என்று அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.