கப்பல் வந்தால் வரும் காய்ச்சல்

அந்தமானில், போர்ட் பிளேரில், எனக்கு வேலை போகப் பார்த்தது. காரணம் ஒரு காய்ச்சல். அது கப்பல் வந்தால்தான் வரும்.

அறுபதுகளில் நடந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்த ஒரே வெல்டர் நான். புதிதாகக் குடியேறியவர்களின் ஊர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வேலை. குழாயெல்லாம் ஜி.ஐ. பைப், அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு. வராவிட்டால் சில்லறை வேலை பார்ப்பேன். வந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது.

பைப்பில் கை வைக்கும் முதல் நாள் சாயங்காலமே வாயில் ஒரு தித்திப்பு வரும். பிறகு தொண்டை வறளும், உடம்பு தூக்கிப்போடும். மறுநாள் படுக்கை. அதற்கடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குப் போவேன், காய்ச்சலும் திரும்பாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா இல்லை என்றார்கள்.

கப்பலில் பைப் மட்டுமா வரும்? பிராந்தி பாட்டிலும் வரும். போர்மேன் வேலாயுதம் மதுரைக்காரர். ஒருநாள் கூப்பிட்டார்.

"அபர்டீன் பஜார் பூராவும் சிரிக்குதுடா செபஸ்தி. கப்பல் வந்தா நீ அவுட்டு. இன்னொருக்கா படுத்தே, அதே ஜஹாஜ்ல ஊருக்கு ஏத்திவிட்ருவேன். கன்பர்மேஷனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"மாதா சத்தியமா நான் குடிக்கல சார்."

"குடிக்காதவனுக்கு மறுநாள் தலை தூக்க முடியலையோ?"

அவர் நம்பாதது போகட்டும். என் மனைவி மரியபுஷ்பமும் நம்பவில்லை. தூத்துக்குடியில் அவளுடைய அப்பா குடித்தே படகைத் தொலைத்தவர். அவள் என்னைத் திட்டியதில்லை, வாயருகே வந்து மோந்து பார்ப்பாள். அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த கப்பல் நல்ல மழையில் வந்தது. ஷெட் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு வெல்டிங் செய்தேன். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு மரியபுஷ்பம் வந்தாள். மழையைச் சாக்காக வைத்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தவள், வேலை முடியும் வரை எழுந்திருக்கவில்லை. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வெள்ளைப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, டீக்குக்கூட வெளியே போகவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டப் போனவள் திரும்பி வந்தாள்.

"ஏங்க, வாயெல்லாம் ஒரு மாதிரி தித்திக்குதே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நடுங்கினோம்.

காலையில் போர்மேன் மரைன் ஹில் ஏறி எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். "டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சு, கெளம்பு" என்றார்.

மரியபுஷ்பம் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, நேத்து மத்தியானத்துலருந்து இவுக பக்கத்துலதான் இருக்கேன். தண்ணியத் தவிர ஒண்ணும் குடிக்கல. சரி, குடிச்சாகன்னே வச்சிக்கிடுங்க. நான் எந்தக் கடையில குடிச்சேன்? அதையும் சொல்லிட்டுப் போங்க."

போர்மேன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே போய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். அந்த வங்காளி டாக்டர் என்ன பைப், எந்த ஷெட் என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். துத்தநாகம் தீயில் வெந்தால் ஆக்ஸைடாகிப் புகையாய் எழுமாம். புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பிலும் அதே சரக்குதானாம். ஆனால் புகையில் இருப்பது அத்தனை நுண்ணிய பொடி, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்க் காய்ச்சலைக் கிளப்பிவிடும். இந்தக் காலத்தில் நானோ என்கிறார்களே, அந்தக் கணக்கு.

"அப்ப மறுபடி வேலைக்குப் போறப்ப ஏன் வர்றதில்ல டாக்டர் சாப்?" என்று கேட்டேன்.

"ரோஜ், டெய்லி புகை பட்டா பாடி பழகிடும். கப்பல் இல்லே, வேலை இல்லே, பாடி மறந்திடும். அப்புறம் புதுப் புகை, நயா காய்ச்சல்."

அன்றே போர்மேன் டிக்கெட்டை ரத்து செய்தார். அதன்பிறகு வெல்டிங் திறந்தவெளியில்தான், அதுவும் மூட்டில் துத்தநாகத்தை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான். வேலையும் நிரந்தரமானது. இன்றைய வெல்டர் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: காய்ச்சல் நின்றுவிட்டது என்பதற்காகப் புகை நல்லதாகிவிடாது. கதவைத் திறந்து வையுங்கள்.

கன்பர்மேஷன் வந்த அன்று மரியபுஷ்பம் அந்தக் காகிதத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இத்தன நாளா கப்பல் சங்கு ஊதுனாலே நீங்களும் எங்கப்பா மாதிரி ஆயிருவீகளோன்னு பயமா இருக்கும். இனிமே பயப்பட மாட்டேங்க."