அச்சுக்கு அடங்காத குரல்

அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நூவர்க் நகரில் மெழுகு உருளையில் பாட்டுப் பதிக்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே எமில் பாடுவான். அவன் பெண்டாட்டி ஹெட்விக் பழைய உருளைகளில் இருக்கும் பாட்டைச் சீவி அழித்து, மறுபடி பதிக்க வழவழப்பாக்குவாள். அப்போதெல்லாம் ஓர் உருளையிலிருந்து நல்ல நகல் எடுக்க வழி கிடையாது. பாடுகிறவன் எதிரே, குரலை வாங்கி உருளைக்கு அனுப்பும் பித்தளைப் புனல்கள் வரிசையாக இருக்கும். ஒரு தடவை பாடினால் புனலுக்கு ஓர் உருளை, அவ்வளவுதான். கடைக்காரர்கள் கேட்பதோ கூடை கூடையாக. ஆகவே ஒரே பாட்டை எமில் காலையிலிருந்து விளக்கேற்றும்வரை பாடிக்கொண்டே இருப்பான். கடைசிப் புனலுக்கும் எட்ட வேண்டுமே, கத்தித்தான் பாடுவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல்.

வீட்டுக்கு வந்தால் சூப்பு இறங்காது. அவன் கைக்குட்டையில் ரத்தம் பார்த்ததிலிருந்து ஹெட்விக்குக்கு ஒரே நினைப்புதான்: இந்த மனுஷன் ஒரு தடவை பாடினால் போதும் என்கிற நாள் வரவேண்டும்.

வந்தது. கம்பெனியில் சோதனை செய்துகொண்டிருந்த வான்னெஸ், பாடிய உருளைமேல் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுத்தார். அதில் மெழுகை ஊற்றி ஆறவிட்டால் சுருங்கிக் கழன்று வரும். வேண்டிய மட்டும் நகல். இனி ஒரு பாட்டை ஒரே தடவை பாடினால் போதும். முதல் வாய்ப்பு எமிலுக்கு.

வான்னெஸ் அவள் மேசைக்கே வந்தார். "ஹெட்விக், உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. கத்தினா ஊசி ஆழமா உழுதுடுது. அப்புறம் மெழுகு கழல மாட்டேங்குது, பிஞ்சிடுது. பேசற மாதிரி பாடினா போதும்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள். "எமில், நாளைக்குக் கொஞ்சம்..."

"கொஞ்சம் என்னடி கொஞ்சம்? நாளைக்குப் பாரு, நியூயார்க்குல தூங்கறவன் எழுந்து உட்காருவான்!"

அவன் முகத்தில் அத்தனை வெளிச்சம். மெல்லப் பாடு என்றால், தொண்டை போய்விட்டதென்று இவளும் நினைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வான். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஜன்னல் கண்ணாடி அதிரப் பாடினான். நகல்கள் எலி கடித்த மாதிரி வந்தன.

"சொன்னீங்களா, இல்லையா?" என்று வான்னெஸ் கேட்டார்.

"சொன்னேனே," என்றாள், பட்டென்று.

"சொல்லியும் இப்படின்னா அவரால முடியாது போல. பாவம்." அடுத்த வாரம் ரூபர்ட் என்கிற இளைஞன் அதே பாட்டை ஒரே தடவை பாடிவிட்டுப் போனான். எமிலுக்கு வேலை போயிற்று. விற்காமல் கிடந்த அவன் உருளைகள் சீவுவதற்கு ஹெட்விக் மேசைக்கே வந்தன. சீவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து ரூபர்ட் பாடிய உருளை ஓடுவது கேட்டது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எமில் கூடவே முணுமுணுத்தான், பேசுகிற மாதிரி, அத்தனை இதமாக. பிறகு கத்தியைக் கீழே வைத்தான்.

"இவ்ளோ மெல்லப் பாடினா போதுமா அவங்களுக்கு? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாடியிருக்க மாட்டேனா, ஹெட்டி?"

"தண்ணி கொதிக்குது. கிழங்கைக் குடு," என்றாள் ஹெட்விக்.