நாலு குரல் காணாது

சின்தசைசர் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மனைவி. போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து, வாசிக்காமலும் தைக்காமலும் இருக்க வேண்டிய வாரங்களில், மடிக்கணினியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் தெளிந்த பிறகு, பழைய ஞானப்பாட்டுகளைத் தானே வாசித்துப் பதிவுசெய்யப் போவதாகச் சொன்னாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் படித்த அறை ஹந்தானை மலையைப் பார்த்தபடி சும்மா கிடந்தது. அங்கே மேசை இருந்தது, கணினியையும் வைக்கலாம். வாசிக்க ஒன்றுதான் இல்லை.

"ஒரு கீபோர்ட் வாங்குவம்," என்றேன்.

"கீபோர்ட்டில அவங்கள் அடைச்சு வச்ச சத்தம்தான் வரும். எனக்கு நான் நினைக்கிற சத்தம் வேணும். அதைச் சின்தசைசரில நாங்களே செய்யலாமாம்."

"நீர் என்ன சத்தம் நினைக்கிறீர்?"

"செய்தாப் பிறகு கேளுங்கோவன்."

நான் தெருக்களும் பாலங்களும் கட்டி ஓய்வுபெற்ற பொறியியலாளன். எந்தப் பொருளை வாங்கினாலும் அரசாங்க டெண்டருக்குக் கேள்விப்பத்திரம் கோருவது போலத்தான் தொடங்குவேன். இணையத்தில் நாட்கணக்காகத் தேடினேன். ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கும் என்பதில்தான் இந்த இயந்திரங்களின் விலை ஏறி இறங்குகிறது என்று விளங்கியது. அதைக் குரல் என்கிறார்கள். ஒரு குரல் மட்டும் உள்ளவை உண்டு, நாலு உள்ளவை உண்டு, எட்டும் பதினாறும் உண்டு. ஞானப்பாட்டுகள் நாலு குரலுக்கு எழுதப்பட்டவை. ஆகவே நாலு குரல் காணும், அதற்குமேல் தேவையில்லை என்று முடிவுகட்டினேன். வாசிக்கப் போகிறவளிடம் கேட்கவில்லை.

கண்டி டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு வாத்தியக் கடை. முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர்.

"வாங்க சேர், வாங்க மெடம். பேரப்பிள்ளைக்கா பாக்கிறீங்க?"

"எனக்கு," என்றாள் மனைவி.

"அப்ப முதல்ல ஒரு கதிர போடணும்," என்று அவரே தூக்கிவந்து போட்டார்.

முதலில் காட்டிய சிறியதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "கட்டையெல்லாம் பால்பல்லு மாதிரியெல்லோ இருக்கு. என்ர வாதம் பிடிச்ச விரலுக்கு இது சரிவராது." அடுத்தது நான் தேர்ந்து வைத்திருந்தது. முழு அளவுக் கட்டைகள், நாலு குரல், எங்கள் ஓய்வூதியத்துக்கு அடங்கிய விலை. அதில் ஒரு பாட்டைத் தொடங்கி இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள்.

"இது விழுங்குது."

"என்னத்தை விழுங்குது?"

"விட்ட சத்தம் அடங்க முதல் அடுத்ததைத் தொட்டா, முந்தினதை டக்கெண்டு விழுங்குது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை. முதலாளி தலையாட்டினார். "மெடம் சொல்றது சரி. கைய எடுத்தாலும் சத்தம் அடங்கிற வரைக்கும் ஒரு குரல் அதுக்கே போயிரும் சேர். மொத்தமே நாலுதான். அஞ்சாவது வந்தா பழையத வெட்டிட்டுத்தான் எடம் குடுக்கும்."

"பாட்டில நாலு குரல்தானே?" என்றேன்.

"இவர் ஆத்தைப் பாக்காமல் வரைபடத்தைப் பாத்துப் பாலம் கட்டின ஆள்," என்று அவரிடம் சொன்னாள்.

"எந்தப் பாலமெண்டு சொல்லிருங்க சேர். நான் வேற ரோட்டால போறன்."

மூன்று பேரும் சிரித்தோம். கடைசியில் இரண்டு இயந்திரங்கள் மிஞ்சின. ஒன்று எட்டுக் குரல், புதியது. மற்றது பதினாறு குரல், யாரோ பாவித்துக் கொடுத்தது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. இரண்டிலும் மாறி மாறி வாசித்தும் அவளால் முடிவெடுக்க முடியவில்லை. பிறகு வருகிறோம் என்று இறங்கினோம்.

ஓட்டோ வாவியோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஹேவாஹெட்டைக்கு ஒருக்காப் போய்வருவம். எங்கட ஓகனை ஒருக்காக் கேட்டா, இந்த ரெண்டில எதில அந்தச் சத்தம் வருமெண்டு சொல்லிப்போடுவன். இத்தனை வருஷத்தில காதில மறந்துபோச்சு."

அவள் நினைத்த சத்தம் எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. வாவியைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம்," என்றேன்.

அந்த ஓகன் அவளுடன் கலியாணத்துக்கு வந்தது. காலால் மிதித்துக் காற்று ஊட்டினால்தான் பாடும் பழைய ஆர்கன்; எங்கள் வாயில் ஓகன். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பினார். நாங்கள் அப்போது கம்பளையில், மகாவலிக் கரையோரம் ஓர் அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தோம். நான் சைவம், அவள் கிறிஸ்தவ வேதக்காரி. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள். முன்னறையின் ஒரு பக்கத்தில் என் சாமிப்படம், மறுபக்கத்தில் அவளுடைய ஓகன். மழைக்காலத்தில் அதன் துருத்தித் தோல் ஈரத்தைக் குடித்து ஒரு வாசனை விடும். பழைய சப்பாத்தும் மெழுகுதிரியும் கலந்தது போன்ற வாசனை. கீழ்ச் சுரங்களில் ஒன்று சளி பிடித்த மனிதனைப் போல ஒரு முறை கனைத்துவிட்டுத்தான் பாடும். அந்தக் கனைப்புக்காக அவள் அரை நொடி முன்பே அந்தக் கட்டையைத் தொட்டுவிடுவாள்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. மிதிக்க முடியாது. நான் வேலையால் வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மிதிகளை மாறி மாறி அமுக்குவேன். மேலே அவள் வாசிப்பாள். "மெல்ல, மெல்ல, லொறிக்குக் காத்தடிக்கிற மாதிரி அடியாதேங்கோ," என்பாள். என் முகத்துக்கு நேரே அவளுடைய வீங்கிய கால்கள். ஆற்றுக்கு அப்பால் ரயில் கூவும். இத்தனை வயதுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால், நான் முழுமையாக நல்லவனாக இருந்த நேரம் என்று அந்த மாலைகளைத்தான் சொல்ல முடிகிறது.

பிறகு எனக்குக் கண்டிக்கு மாற்றம் வந்தது. லொறியில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது. ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் பாடுவதற்கு ஒரு வாத்தியமும் இல்லை, கொஞ்சக் காலம் அங்கே இருக்கட்டும், பெரிய வீடு கிடைத்ததும் எடுப்போம் என்றேன். கோயில் என்றதும் அவள் மறுக்கவில்லை. அவள் மறுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் கோயிலைத் தேர்ந்தேன்.

ஏன் செய்தேன் என்று இப்போது ஒளிக்காமல் எழுதலாம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்ததும் நான் அந்த அறையில் இருப்பதை அவள் மறந்துவிடுவாள். அதுதான் பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு மிதிகளும் அவளுடைய காலுக்கே திரும்பிவிட்டன. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.

ஓரிரு வருடங்களுக்குப் பிறகு தெரு வேலை பார்க்க ஹேவாஹெட்டைப் பக்கம் போனபோது அந்தக் கோயிலுக்குள் நுழைந்தேன். தகரக் கூரை ஒழுகி, ஓகன் நனைந்து ஊதிப்போய் நின்றது. துருத்தியை எலி தின்றிருந்தது. ஒரு கட்டையை அமுக்கினேன், அது எழும்பவில்லை. கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் கையைப் பிசைந்தார்.

"மழையில நனைஞ்சிருச்சுங்கையா. அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோங்க."

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "கோயிலுக்குப் போனனீங்களோ? ஓகன் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு சின்னப் பெட்டை வாசிச்சுக்கொண்டிருந்தது."

ஏன் அந்தப் பெட்டையைச் சேர்த்தேன் என்று தெரியாது. வெறும் "நல்லா இருக்கு" போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை வயதிருக்கும், பின்னல் போட்டிருந்ததோ, கால் எட்டினதோ என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெரிய வீடு வந்தபோது, "எடுக்க வேண்டாம், அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்," என்று அவளே சொல்லிவிட்டாள். ஓகனுக்கென்று நினைத்த இடத்தில் என் புத்தக அலுமாரி வந்தது. அந்தப் பெட்டை எங்கள் வீட்டுப் பேச்சில் வளர்ந்தாள். நத்தார்ப் பண்டிகை வந்தால், "இப்ப பெரிய பள்ளிக்கூடம் போவாள்," என்பாள் மனைவி. பிறகு, "கலியாணம் முடிஞ்சிருக்கும்," என்றாள். அண்மையில்கூட, "அவளின்ர பிள்ளையளும் வாசிக்குங்கள் போல," என்றாள். போய்ப் பார்ப்போம் என்று கேட்ட போதெல்லாம் எனக்கு வேலை இருந்தது, அல்லது தெரு சரியில்லாமல் இருந்தது. தெருவைப் பற்றி நான் சொன்னால் அவள் நம்புவாள்.

சின்தசைசர் கதை வந்த பிறகு அந்தச் சாட்டுகள் ஓடவில்லை. மண்சரிவு என்றேன். அவள் தொலைபேசியில் விசாரித்து, தெரு திறந்திருக்கிறது என்றாள். முழங்கால் நோ என்றேன். "வான் பிடிச்சுத்தானே போறம்," என்றாள். பக்கத்து வீட்டாரைக் கொண்டு ஒரு வான் பேசிவிட்டாள்.

போகும் நாள் காலை குசினிக்குள் போனேன். பதிவுசெய்ய மகளின் பழைய கைத்தொலைபேசியைச் சார்ஜில் போட்டிருந்தாள். மேசையில் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு கேக்.

"ஆருக்கு?"

"அந்தப் பிள்ளைக்கு. அங்கதான் இருக்கிறாளோ தெரியாது. இருந்தாக் குடுப்பம்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வானை வரவேண்டாமெண்டு சொல்லும்."

"ஏன், முழங்காலோ?"

"இல்லை. ஓகன் அங்க இல்லை. மழையில பழுதாய்ப் போட்டுது."

"எப்ப?"

"நான் போய்ப் பாத்த அண்டைக்கே அது செத்துப்போய்த்தான் இருந்தது."

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். "அப்ப வாசிச்ச பிள்ளை?"

நான் கேக்கைப் பார்த்தேன்.

"பிள்ளையே இல்லையோ?"

"இல்லை."

ஓகன் இல்லை என்று கேட்டபோது அவளுடைய முகம் மாறவில்லை. இதற்கு மாறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். "லொறியிலயும் இடம் இருந்தது," என்று அதையும் சொன்னேன். தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. அவளே எழுந்து கேக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"தம்பி, பயணம் இல்லை, குறை நினையாதேங்கோ. வீட்டில பிள்ளையள் இருக்கோ? இதைக் கொண்டு போங்கோ."

அதன் பிறகு சாப்பாடு வந்தது, மருந்து வந்தது, பேச்சு வரவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு நாள் சொல்லாமல் வெளிக்கிட்டு, பஸ்ஸில் டவுனுக்குப் போய், பதினாறு குரல் இயந்திரத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். காசு அவளுடைய ஓய்வூதியத்தில் சேர்த்தது. நான் வயர்களைப் பொருத்திக் கொடுத்தேன். அதற்கு மறுப்பில்லை. நான் முன்பே வாங்கி வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களை மேசையின் இரு பக்கத்திலும் வைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஸ்பீக்கரில போட்டால் நல்லாக் கேக்கும்," என்றேன்.

"இப்பத்தைக்கு இது காணும்."

அன்றிலிருந்து மாலைகளில் வாசிக்கிறாள். காதில் இல்லாத அந்தச் சத்தத்தை நினைவிலிருந்து தேடி, ஒரு திருகைக் கொஞ்சம் கூட்டுகிறாள், மற்றதைக் குறைக்கிறாள். கண்ணை மூடிக் கேட்கிறாள், தலையை ஆட்டுகிறாள், திரும்பவும் திருகுகிறாள். அந்தக் கனைப்பு கிடைத்ததோ தெரியாது. நான் கதவடியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு குரலில் ஒன்றுகூட எனக்குக் கேட்பதில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் அமுங்கி எழும்பும் டொக் டொக் மட்டும்தான் கேட்கும். அதை வைத்து இது எந்தப் பாட்டு என்று பிடிக்கப் பார்க்கிறேன். சில நாட்களில் பிடிபடுகிறது.

போன கிழமைதான் கவனித்தேன். மேசைக்குக் கீழே அவளுடைய இரண்டு கால்களும் சீமெந்துத் தரையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. மெதுவாக, ஒரே சீராக, லொறிக்குக் காற்றடிக்கிற மாதிரியில்லாமல்.

நான் பார்ப்பதை உணர்ந்து ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள். "என்ன பாக்கிறியள்?"

"உம்மட காலை."

குனிந்து பார்த்தாள். கால்கள் நின்றுவிட்டன. ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் கீழே கால்கள் மறுபடி மிதிக்கத் தொடங்கின.